திறக்கத் தெரிந்தவர்: பனியன் நகரத்தின் பூட்டுகள் குறித்துச் சில குறிப்புகள்

திருப்பூர் குறித்து இரண்டு கதையாடல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று வியர்வையின் கதையாடல். கூலிக்கு நின்றவர் பவர்டேபிள் போட்டு, பிறகு கம்பெனி வைத்து, கடைசியில் ஏற்றுமதியாளர் ஆன கதை. ('உழைப்பு' என்ற சொல்லே எப்படி மூலதனமாக மாற்றப்பட்டது என்பதைச் சரத் சாரி 2004இல் வந்த தன் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார்.) மற்றது சாயத்தின் கதையாடல். நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவு என்று போகும் அது. இரண்டும் தேவையான கதைகள்தாம். முதலாளி, தொழிலாளி, ஆறு என்று எல்லோரும் அவற்றில் வருகிறார்கள். கம்பெனி கேட்டில் தொங்குகிற பூட்டு மட்டும் வருவதில்லை. பூட்டைத் திறக்கத் தெரிந்த ஆளும் வருவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் ஒரு நாளை அப்படியே பின்தொடர்ந்து போனால், இந்த ஊரில் யார் எதை யாரிடமிருந்து பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதற்கான முயற்சிதான் இது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ் எம்.ஏ. படித்த வாசனை அவ்வளவு சுலபமாகப் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்டுதல் என்ற வினைக்கு நம் மொழியில் அடைத்தல் மட்டும் பொருளல்ல. இணைத்தல் என்பதும் பொருள். ஏர் பூட்டினார்கள், வண்டி பூட்டினார்கள், வில்லில் நாண் பூட்டினார்கள். சித்திரையில் பொன்னேர் பூட்டுவதை இன்றும் பார்க்கலாம். கதவை அடைப்பதற்கு வள்ளுவரிடம் இருந்த சொல் தாழ். மாட்டையும் நுகத்தையும் சேர்க்கிற வினையே ஆளையும் பொருளையும் பிரிக்கிற கருவிக்கும் பெயராக நிற்கிறது. சாவியோ நம்முடையதே அல்ல. போர்த்துக்கீசியரின் 'சாவே' கப்பலிறங்கிச் சாவியாயிற்று, ஜன்னலும் அலமாரியும் வந்த அதே வழியில். திறவுகோல் பைபிளிலும் மேடைப்பேச்சிலும் ஒதுங்கிக்கொண்டது. ஈழத்தில் இன்றும் 'திறப்பு' என்கிறார்கள். செயலையே பொருளுக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தாம். நம் விவசாயிக்குச் 'சாவி' என்றால் மணி பிடிக்காமல் போன கதிர். வெள்ளாமை சாவியாப் போச்சுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

வந்து சேர்ந்த இடத்திலும் பூட்டுதான். கம்பெனி வாசலில் தொங்குகிற அட்டையைப் பாருங்கள்: 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை'. பிளாட்லாக் என்பது ஊர் வாயில் பேட்லாக் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே ஒலிக்குத் தொங்குபூட்டு என்று பொருள் என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அந்த மெஷினில் 'லாக்' என்பது நூல் நூலைப் பிடித்துக்கொள்வது. நம் பழைய பூட்டுதல் அதுதான்.

நான் சொல்ல வருகிற பூட்டுக்காரர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னால் மரப்பெட்டி. பெட்டிக்குள் முக்கோண அரம், வட்ட அரம், சின்ன வைஸ், சுத்தியல், வளைத்த கம்பிகள், மெழுகுவர்த்தி. வளையத்தில் கோத்த பிளாங்க் சாவிகள் ஹேண்டில்பாரில் தொங்கும். மழைக்காலத்தில் குடைக்கம்பியும் நூலும் சேர்ந்துகொள்ளும். முன்பு சைக்கிளில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு 'பூட்டு ரிப்பேர், குடை ரிப்பேர்' என்று கூவிக்கொண்டு போனார். செல்போன் வந்தபின் கூவல் நின்றது. வேலையைத் தேடி இவர் அலைந்தது போக, வேலை இவரை எந்நேரமும் கூப்பிடத் தொடங்கியது. 'நடுராத்திரியிலயும் அடிக்கிறாங்க தம்பி, சாவி தொலையறதுக்கு நேரங்காலமா இருக்கு?'

முதல் அழைப்பு பெரும்பாலும் காலை எட்டரைக்கு முன்பே வந்துவிடும். சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் வரவில்லை, அல்லது வந்தவரிடம் சாவி இல்லை. மூடிய ஷட்டருக்கு வெளியே டெய்லர்களும் கைமடிப்பவர்களும் டிபன் தூக்கோடு நிற்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த அரைமணி நேரம் சும்மா நிற்கிற நேரமல்ல, கையிலிருந்து போகிற காசு. பூட்டுக்காரர் உட்காருகிறார். ஐந்து நிமிடத்தில் திறக்கலாம், ஆனால் இருபது நிமிடம் நோண்டுகிறார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். 'டக்குனு திறந்தா காசு குடுக்க மனசு வராது. அதுகூடப் பரவால்ல, ஒரு மாதிரி பாப்பாங்க.' இந்தப் பதிலில் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, திறமை கூடக்கூட நேரம் குறைந்து, நேரம் குறையக்குறையக் கூலியும் குறைகிற கணக்கு. முப்பது வருடப் பழக்கத்தை ஐந்து நிமிட வேலையாகப் பார்க்கிற கண் அது. எதிரே நிற்கிற டெய்லரின் பீஸ் ரேட்டை நிர்ணயிப்பதும் அதே கண்தான். இரண்டாவது, அந்த 'ஒரு மாதிரி'. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாவியே இல்லாத பூட்டுக்குச் சாவி போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளாங்கை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிக்கொள்கிறார். பூட்டுக்குள் விட்டு மெதுவாகத் திருகுகிறார். உள்ளே லீவர் எங்கே இடிக்கிறதோ அங்கே கரி அழிந்து உலோகம் மினுங்கும். அந்தப் புள்ளியில் அரத்தால் ராவுகிறார். மறுபடி புகை, மறுபடி திருகல், மறுபடி ராவல். பூட்டு தன் உள்ளமைப்பைத் தானே எழுதிக் காட்டுகிறது, அவர் வாசிக்கிறார். 'பிரதி', 'வாசிப்பு' என்று நாம் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியபோது, எந்த ஆசிரியரையும் கேட்காமல் பிரதியை அதன் உள்ளிருந்தே திறக்கிற ஒரு வாசிப்பு குமரன் சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தது. கிண்டலுக்காகச் சொல்லவில்லை.

இந்தக் கைத்திறன் வந்த ஊர் திண்டுக்கல். அங்கே பூட்டுத் தொழில் ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது. சங்கரலிங்க ஆசாரி குடும்பத்தாரிடமிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படுவது. நாகல்நகர், நல்லாம்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அரச் சத்தம் கேட்ட காலம் இருந்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு என்று வடிவத்துக்கும் இடத்துக்கும் தக்க பெயர்கள். 1957இல் தொழிலாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் வந்தது. பூட்டையும் அதன் சாவியையும் கையாலேயே செய்ததால் ஒன்றுக்கு ஒன்று வெட்டு மாறியது. ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழையாது என்பது விளம்பரமல்ல, வேலைமுறையின் விளைவு. மறுபக்கம் மெஷின் பூட்டின் வரலாறு. லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற பின் டம்ளர் பூட்டு பெருவாரி உற்பத்திக்கு வழி திறந்தது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பூட்டுத் தொழில் தொடங்கினார். அலிகாரின் மலிவான பூட்டுகள் தெற்கே வந்து இறங்கின. அச்சில் வார்த்த பூட்டுக்குக் குறிப்பிட்ட சில வெட்டுகளே திரும்பத் திரும்ப வரும். நம் பூட்டுக்காரர் கொத்திலிருந்து நாலைந்து சாவிகளைப் போட்டுப் பார்த்தே பல பூட்டுகளைத் திறந்துவிடுவது இதனால்தான். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்குள் பட்டறைப் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திருப்பூருக்கும் வந்தார்கள். அரம் பிடித்த கை கட்டிங் டேபிளில் கத்தி பிடித்தது.

பூட்டு என்பது வெறும் பொருளல்ல, அரசும் உடைமையும் பேசிக்கொள்கிற மொழி என்பதற்கு இங்கிலாந்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடினார்கள். சொந்தச் சாவியால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டைச் செய்பவருக்கு அரசு பரிசு அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைச் சோதிக்கச் சிறைக்கப்பலில் கிடந்த ஒரு கைதியிடம் கொடுத்தார்கள். பூட்டுத் தொழில் தெரிந்தவன் அவன். திறந்தால் விடுதலை. மாதக்கணக்கில் போராடித் தோற்றான். தன்னை அடைத்திருந்த பூட்டைத் தொட அவனுக்கு அனுமதியில்லை. அரசு நீட்டிய பூட்டைத்தான் அவன் திறக்க வேண்டியிருந்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அந்தச் சப் பூட்டை ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்தார். பல பத்தாண்டுகளாகச் சவாலாக நின்ற பிராமா பூட்டையும் 51 மணி நேரம் செலவழித்துத் திறந்தார். அந்தக் கைதியின் பெயரை எங்கும் சொல்ல மாட்டார்கள், ஹாப்ஸின் பெயரைப் பூட்டு வரலாறுகளில் எல்லாம் சொல்வார்கள். பிரான்சில் கதை வேறு. பதினாறாம் லூயிக்குப் பூட்டு வேலையில் பைத்தியம். அதைச் சொல்லிக்கொடுத்த காமேன்தான் அரசர் சுவருக்குள் மறைத்து வைத்த இரும்புப் பெட்டியை 1792 நவம்பரில் புரட்சி அரசுக்குக் காட்டிக்கொடுத்தார். அதிலிருந்த காகிதங்கள் விசாரணையில் பயன்பட்டன. 1793 ஜனவரியில் அரசரின் தலை போயிற்று.

நம் ஆளின் மதியம் லைன் வீடுகளில் கழிகிறது. பத்துக்குப் பத்து அறை, ஒரு ஜன்னல், வரிசைக்கு ஒரு குழாய். முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் இருந்த அறைகளில் பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஓர் அறையில் ஆறு பேர், ஷிப்ட் வேறு வேறு, ஒரே பூட்டு. ஆகவே ஆறு சாவி. குடும்பம் என்ற அமைப்பு ஒரே சாவியைச் சன்னல் விளிம்பில் ஒளித்து வைத்துச் சமாளிக்கிறது. ஆறு அந்நியர்களை ஒரே அறையில் அடைக்கிற உற்பத்தி முறை ஆளுக்கொரு சாவி கேட்கிறது. கணக்குப் பார்த்தால் புலம்பெயர்வுதான் இவருடைய பெரிய வாடிக்கையாளர்.

அதே லைன் வீட்டில் வேறு ஒரு பூட்டும் தொங்கும். வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரர் குடியிருப்பவரின் பூட்டுக்கு மேலேயே இன்னொரு பூட்டைப் போட்டுவிடுவார். பாத்திரம், துணிமணி, ரேஷன் கார்டு எல்லாம் உள்ளே. ராத்திரி வேலை முடிந்து வருகிறவர் தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பார். சாவி இருந்தும் திறக்காது. அப்படி ஒரு பெண் வந்து, 'எங்க வீடுதானுங்ண்ணா, ரெண்டு நிமிஷம் திறந்து குடுங்க, புள்ளைக்கு மருந்து எடுத்துக்கறேன்' என்று கெஞ்சியபோது அவர் திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம் போய்ப் பேசி, கூடவே நின்று திறக்க வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இது போராட்டமா சமரசமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அந்தத் தெருவில் மறுநாளும் அவர் வண்டி ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

இனி கம்பெனி. ஆங்கிலத்தில் 'லாக்கவுட்' என்பதைத் தமிழ்த் தொழிற்சங்கம் கதவடைப்பு என்றது. அழகான மொழிபெயர்ப்பு, ஆனால் பூட்டு அதில் விழுந்துவிட்டது. 1947 தொழில் தகராறுச் சட்டம் வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் எதிரெதிர் ஆயுதங்களாக வரையறுத்தது. இந்த ஊரின் பெரிய போர் 1984இல் நடந்தது: பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம். அதற்கு முன்பே தொடங்கியிருந்த சிதறல் பிறகு வேகம் பிடித்தது. ஒரே கூரைக்குக் கீழே நடந்த வேலை நிட்டிங், சாயம், பவர்டேபிள், காஜா பட்டன், செக்கிங் என்று தெருத்தெருவாகப் பிரிந்து போனது. சின்ன யூனிட்காரருக்குக் கதவடைப்பு அறிவிக்க வேண்டிய தேவையே இல்லை. ஷட்டரை இழுத்துவிட்டு அடுத்த வீதியில் வேறு பெயரில் திறந்துகொள்ளலாம்.

உழைப்பை ஒழுங்குபடுத்துவதில் பூட்டின் பங்கு பழையது. இங்கிலாந்தின் குரோலி இரும்பாலை விதிப்புத்தகத்தில், நேரம் காட்டுகிற கடிகாரத்தையே யாரும் முள்ளை மாற்றாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்று இருந்ததை ஈ.பி. தாம்சன் 1967 கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஆளைப் பூட்டுமுன் நேரத்தைப் பூட்டினார்கள். பிறகு ஆளையும் பூட்டினார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளியே போகும் பெண்களின் பையைச் சோதிக்க ஒரே வழி இருக்க வேண்டும் என்பதற்காக. 146 பேர் செத்தார்கள். வழக்கில் முக்கியக் கேள்வி, கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் முதலாளிகளுக்குத் தெரியுமா என்பது. விடுதலையானார்கள். நூறு வருடம் கழித்து, 2012 செப்டம்பர் 11, கராச்சி அலி என்டர்பிரைசஸ்: 250க்கு மேல். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கம்பெனிக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ வைத்தவர்கள் என்று சிலருக்கு 2020இல் தண்டனை வந்தது. வெளியேறும் வழிகள் ஏன் அடைபட்டிருந்தன என்பது வேறு கேள்வி. அதே 2012 நவம்பர் 24, டாக்காவுக்கு அருகே தஸ்ரீன்: 110க்கு மேல். இரண்டு இடத்திலும் பின்னலாடை, கால்சட்டை, சட்டை என்று நாம் இங்கே தைப்பதைத்தான் தைத்தார்கள்.

இங்கே 1948 தொழிற்சாலைச் சட்டம், உள்ளே ஆள் இருக்கையில் வெளியேறும் கதவைப் பூட்டக்கூடாது என்று எழுதி வைத்தது. வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டும் அதைக் கேட்கிறது. நம் பூட்டுக்காரருக்கு ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரு வேலை வரும். மாதக்கணக்கில் திறக்காமல் துருப்பிடித்துப் போன அவசர வழிப் பூட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் திறப்பது. எந்தக் கம்பெனி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'திறந்து குடுத்துட்டு வருவேன். அப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்களோ.' சட்டமும் சான்றிதழும் சந்திக்கிற புள்ளியில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்பது இந்த நாள்க்குறிப்பிலிருந்து நான் பெற்ற தகவல்.

ஸ்பின்னிங் மில் விடுதிகள் இதைவிடக் கனமான இடம். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் மொத்தப் பணம், அதுவரை விடுதி வாசம். வெளியே போக அனுமதிச் சீட்டு, கூடவே ஆள். 2011இல் இது குறித்து வெளிநாட்டு ஆய்வறிக்கை வந்தது. 2014இல் தமிழக அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் கொண்டுவந்தது. பெட்டிச் சாவி தொலைந்ததென்று இவரை ஒரு விடுதிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வார்டன் பக்கத்தில் நிற்க, ஏழெட்டு டிரங்குப் பெட்டிகளுக்குச் சாவி போட்டார். உள்ளே மாற்றுத் துணி, பவுடர் டப்பா, சாமி படம், அம்மாவின் போட்டோ. அந்தப் பெட்டிதான் அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே அந்தரங்கம்; அதற்குத்தான் அவளிடம் சாவி இருந்தது. கேட்டின் பூட்டு வெளிப்பக்கம். இதைப் 'பாதுகாப்பு' என்று நிர்வாகம் சொல்கிறது, பெற்றோரும் சொல்கிறார்கள். சாதிக்குப் பெண்ணைக் குறித்து இருக்கிற பயமும் மூலதனத்துக்கு ஷிப்ட் குறித்து இருக்கிற பயமும் ஒரே பூட்டில் இரண்டு லீவர்களாக வேலை செய்கின்றன. ஒன்றை மட்டும் ராவினால் திறக்காது.

பூக்கோ 1975 நூலில், எல்லாரையும் எந்நேரமும் பார்க்க முடிகிற அமைப்பு வந்துவிட்டால் கனத்த பூட்டுகளும் கம்பிகளும் தேவையற்றுப் போகும் என்ற பெந்தாமின் வாதத்தை எடுத்துப் பேசுவார். ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம். இங்கே கேமரா வந்த பிறகும் பூட்டு போகவில்லை. கேமராவைப் பதிவு செய்கிற டப்பாவையும் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அந்தச் சாவி தொலைந்தும் இவருக்கு அழைப்பு வந்திருக்கிறது.

இப்போது அந்த 'ஒரு மாதிரி'க்கு வரலாம். ஏரியாவில் களவு போனால் போலீஸ் முதலில் விசாரிப்பது பூட்டுக்காரர்களைத்தான். திறக்கத் தெரிந்தவன் திறந்திருப்பான் என்ற தர்க்கம். அறிவையே குற்றமாகப் பார்க்கிற இந்தப் பார்வைக்கு இங்கே சட்ட வடிவமே இருந்தது. 1871 குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். வடக்கே ஆயுதம் செய்வதும் தீட்டுவதுமாக இருந்த சிக்லிகர் சீக்கியர்களில் பலர் இன்று சாவி போட்டுப் பிழைக்கிறார்கள். அவர்கள் மேலும் அதே கண். நம் பூட்டுக்காரர் கார் சாவி, வீட்டுச் சாவி போட வருகிறவரின் ஆதாரைக் கேட்டுப் பார்க்கிறார், எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறார். யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் ஒருமுறை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டி வந்ததிலிருந்து எழுதுகிறார்.

அவருக்குப் போட்டியாக வந்திருப்பது அந்த ரேகைதான். கம்பெனிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் இப்போது மெஷினில் விரல் வைக்கிறார்கள். ரேகைச் சட்டத்தின் ரேகையும் வருகைப்பதிவு ரேகையும் ஒன்றல்ல. அன்றையது ஊரைவிட்டு வெளியே போகாமலிருக்க, இன்றையது உள்ளே வந்ததைக் காட்ட. ஆனால் சாயத்திலும் பிளீச்சிங்கிலும் தேய்ந்த விரலை மெஷின் அடையாளம் காணாது. வந்தும் வராதவராகிற தொழிலாளிக்கு அரை நாள் கூலி போகும். தேய்ந்த சாவிக்கு இவரால் மாற்றுப் போட முடியும், தேய்ந்த விரலுக்கு முடியாது.

சனிக்கிழமை மாலை அவருக்கு நல்ல வியாபாரம். சம்பள நாள். பூட்டு வாங்குவார்கள், சாவி வாங்குவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் அவரிடம் வந்தார்கள். ஒரு பவர்டேபிள் யூனிட்காரர் இரண்டு வாரச் சம்பளம் வைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிப் போய்விட்டார். மெஷின்கள் உள்ளே இருக்கின்றன. திறந்து கொடுத்தால் மெஷினைப் பிடித்து வைத்துப் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். 'தாவா இருக்கிற பூட்டை நான் தொடமாட்டேன், சங்கத்துல சொல்லுங்க' என்று அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை கட்டடக்காரர் ஒரு ஏட்டையாவோடு வந்தார். திறந்துகொடுத்தார். மெஷின்களை வாடகைக்கு விட்டவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சம்பளம் போனது போனதுதான்.

இதை அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. காமேனைப் போல ஒருவரை இவரிடம் எதிர்பார்த்து இந்தக் கட்டுரையைப் படித்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். காமேனுக்குப் பின்னால் ஒரு புரட்சி அரசு இருந்தது. இவருக்குப் பின்னால் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஒரு நோட்டுப்புத்தகமும் இருக்கின்றன. தெருவோரச் சேவைத் தொழிலாளரையும் உள்ளடக்குகிற 2014 தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது; அந்த அட்டை அவரிடம் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் சங்கம் பலமாக நின்றிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். அரத்தைத் துடைத்துக்கொண்டே, 'அப்ப என்னைய எதுக்குக் கூப்பிடப் போறாங்க, ஷட்டரை ஆளே தூக்கிடுவாங்களே' என்றார்.

பெட்டியின் அடித்தட்டில் யாரும் வாங்க வராத சாவிகள் கிடக்கின்றன. 2020 மார்ச்சில் ஒடிசாப் பையன்கள் ஆறு சாவி சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 25ஆம் தேதி ஊரடங்கு. அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த ஆறும் நூலில் கோத்தபடி இருக்கின்றன. பிளாங்க் விலை ஏறிவிட்டதே, ராவி வேறு பூட்டுக்குப் பயன்படுத்தலாமே என்றேன். 'வெட்டுன பக்கம் வெட்டுனதுதான் தம்பி, திரும்ப ஒட்ட முடியாது' என்று சொல்லிவிட்டு, அடுத்த போனுக்கு வண்டியை உதைத்தார்.